அறிவியலில் எது பிடிக்கும், எதெல்லாம் அறிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் முழுவதும் என் மேசைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பாக்கள் குரூப்பைப் பற்றிக் கேட்பார்கள். பிள்ளைகள் அவர்கள் போன பிறகு தனியாக வந்து வேறு ஏதாவது கேட்பார்கள். "சார், ஜோதிடம் சயின்ஸா?" "கணக்கு சயின்ஸா?" "எனக்குப் பாம்பு பிடிக்கும், அதுக்கு என்ன படிக்கணும்?" இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இத்தனை ஆண்டுகளில் நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எந்த அறிவியல் அதிகமாகப் பிடிக்கிறது?

என் வகுப்புகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் கேட்டால் பாம்பு, டைனோசர், கருந்துளை, எரிமலை, ராக்கெட் என்று பதில் வரும். அந்த வயதில் யாரும் பாடத்தின் பெயரைச் சொல்வதில்லை, பொருளின் பெயரைத்தான் சொல்வார்கள். எட்டாம் வகுப்புக்கு வரும்போது பாம்பு "விலங்கியல்" ஆகிவிடும். பத்தில் அது மதிப்பெண். பதினொன்றில் அது குரூப்.

அதனால் ஒரு பிள்ளை "எனக்கு உயிரியல் பிடிக்கும்" என்று சொன்னால் நான் உடனே தலையாட்டுவதில்லை. அதற்கு நாலைந்து அர்த்தம் இருக்கலாம். டாக்டராக ஆசை இருக்கலாம். மனப்பாடம் நன்றாக வரலாம். உயிரியல் ஆசிரியை அன்பாகப் பேசுபவராக இருக்கலாம். கணக்கிலிருந்து தப்பிக்க வழி தேடலாம். நிஜமாகவே கல்லைப் புரட்டி அடியில் என்ன ஊர்கிறது என்று பார்க்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த ஐந்தும் ஒன்றல்ல.

நான் கேட்பது இதைத்தான்: எந்த வேலையைச் செய்யும்போது மணி பார்க்க மறந்துபோகிறாய்? பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, அந்த ஒரே சொட்டில் கரைசல் வெளிர் ரோஜா நிறமாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை ஒரு வகை. செம்பருத்திப் பூவை அறுத்துச் சூலகத்தைத் தேடுகிற பிள்ளை இன்னொரு வகை. தாளும் பென்சிலும் இருந்தால் போதும் என்று மூலையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளையும் உண்டு. பாடத்தின் பெயரைவிடக் கைக்குப் பிடித்த வேலை நம்பகமான அடையாளம்.

பிடித்த பாடம் ஒன்று, மதிப்பெண் வருகிற பாடம் ஒன்று. எதை எடுப்பது?

இதற்கு ஒரு நாள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் தனி ஊசல் இருக்கிறது. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அதுதான் சிக்கல். முக்கால்வாசிப் பேர் 9.8 வருகிற மாதிரி நேரத்தைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள்.

ஒரு பெண் மட்டும் எழுதாமல் நின்றாள். சராசரி மதிப்பெண் வாங்குகிறவள். "சார், மூணு தடவை பண்ணிட்டேன். 9.4 தான் வருது."

"நூல் நீளம் எவ்வளவு?"

"48 சென்டிமீட்டர்."

"எதுலேருந்து எது வரைக்கும் அளந்தே?"

அவள் பதில் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். நூல் முடிகிற முடிச்சு வரைக்கும்தான் அளந்திருக்கிறாள். கொக்கியும் குண்டின் பாதியும் சேர்ந்து இன்னும் 2 சென்டிமீட்டர். 50 என்று போட்டுக் கணக்கிட்டாள். 20 அலைவுக்கு 28.4 நொடி, 9.79 வந்தது. அவள் முகத்தில் அன்று பார்த்ததை நான் தேர்வு முடிவு நாளில்கூட எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். சென்னையில் உண்மையான மதிப்பு ஏறக்குறைய 9.78, துருவத்தில் 9.83. நேரத்தைத் திருத்தி 9.8 எழுதியவர்களைவிட இவள்தான் உண்மைக்கு அருகில் வந்திருந்தாள்.

என் பதில் இதுதான். விடை தப்பாக வந்தபோது எந்தப் பாடத்தில் "ஏன்?" என்று திரும்பிப் போகத் தோன்றுகிறதோ, அதை எடுங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டில் கூடும், குறையும். திரும்பிப் போகிற அந்தக் குணத்தைப் பயிற்சி வகுப்பில் வாங்க முடியாது.

தாவரவியல் பிடிக்கும் என்று யாருமே சொல்வதில்லையே?

எனக்கு வருத்தம் தருகிற கேள்வி இது. செடி ஓடாது, கத்தாது, அதனால் கவனம் போவதில்லை. போதாததற்கு இலை வடிவங்களின் பெயர்ப்பட்டியலில் பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

நம் கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. தித்திப்பான கரும்பு வடஇந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்ல கரும்பை நாணல் போல வளரும் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். 1918-ல் வெளியான 'கோ 205' அப்படிப் பிறந்தது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அப்புறம் 1930-களில் அங்கே வந்தவர் ஜானகி அம்மாள். கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எது எதோடு சேரும் என்று ஆராய்ந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதான காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1945-ல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளரோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே நூலாகத் தொகுத்தார்.

நாம் குடிக்கிற காப்பியில் போடுகிற சர்க்கரைக்குப் பின்னால் இந்த வேலை இருக்கிறது. இந்தக் கதையில் தொடங்கினால் பிள்ளைகள் இலைக்கு வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எது அறிவியல்? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அந்த வரி பிடிபட ஓர் உலக்கை வேண்டும்.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக அதன் பாதை போனது. அப்போது பல ஊர்களில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார்கள். பிடிக்காமலே நின்றது. கிரகணம் விட்டதும் விழும் என்றார்கள்.

மறுநாள் வகுப்பில் அதே பேச்சு. "எங்க பாட்டி வீட்டுல நின்னுச்சு சார், நான் கண்ணால பார்த்தேன்." அவன் பொய் சொல்லவில்லை. நான் மறுக்கவும் இல்லை. "உலக்கையை நாளைக்குக் கொண்டு வா" என்றேன். கொண்டு வந்தான். கீழ்ப்பக்கம் இரும்புப் பூண், தட்டையாக இருந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தச் சொன்னேன். இரண்டு மூன்று முறை சாய்ந்தது. நாலாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கையை எடுத்தான். நின்றது. கிரகணம் இல்லாத சாதாரண நாளின் மத்தியானம் அது. அடுத்து தண்ணீர் இல்லாமல் நிறுத்தினோம். அதுவும் நின்றது.

கிரகண நாளில் உலக்கை நிற்பது உண்மை. மற்ற நாளில் நிற்காது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "நான் சொல்வது தப்பாக இருந்தால் என்ன நடக்க வேண்டும்?" என்ற கேள்வியை முதலில் கேட்டு, அப்புறம் போய் அதைத் தேடிப் பார்ப்பது அறிவியல். தப்பாக இருக்க இடமே தராத பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியல் ஆகாது. கார்ல் பாப்பர் என்ற தத்துவ அறிஞர் 1934-ல் இதை நூலாகவே எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த அளவுகோலில் குறைகளும் கண்டார்கள். இருந்தாலும் பள்ளிப் பிள்ளைக்கு முதலில் கையில் கொடுக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

பாட்டி சொல்கிற மழை அறிகுறிகள் அறிவியலா?

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தப்பு, முன்னோர் அறிவியல் என்று மார்தட்டுவதும் தப்பு. இது நல்ல கருதுகோள். சோதிக்கலாம்.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். எறும்பு ஏறியது, மழை வந்தது. எறும்பு ஏறியது, மழை வரவில்லை. எறும்பு ஏறவில்லை, மழை வந்தது. இரண்டும் இல்லை. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தினம் ஒரு கோடு. நம் மனது முதல் கட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டம் கண்ணில் படவே படாது. அந்த நோட்டு எதற்கு என்றால், அந்த இரண்டாவது கட்டத்துக்காகத்தான்.

கணிதம் அறிவியலா?

என் கணக்கு வாத்தியார் நண்பரோடு பல ஆண்டுகளாக இந்த வாதம் நடக்கிறது. என் நிலைப்பாடு: இல்லை, ஆனால் அது அறிவியலுக்குக் கீழே இருப்பதால் அல்ல. அங்கே தீர்ப்புச் சொல்வது இயற்கை அல்ல, நிரூபணம்.

இதைச் செய்து பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். அதோடு அதே எண்ணைக் கூட்டுங்கள். அப்புறம் 41-ஐக் கூட்டுங்கள். 1 போட்டால் 43, பகா எண். 2 போட்டால் 47, பகா எண். 3 போட்டால் 53. இப்படியே 39 வரை ஒவ்வொன்றும் பகா எண்ணாகவே வரும். 39 முறை ஒரு சோதனை ஒரே விடை தந்தால் ஆய்வகத்தில் நான் விதி என்று எழுதிவிடுவேன். 40 போட்டுப் பாருங்கள். 1681 வரும். அது 41 பெருக்கல் 41. விதி உடைந்தது.

கணிதத்தில் ஆயிரம் உதாரணம் ஒரு நிரூபணத்துக்கு ஈடாகாது. அறிவியலிலோ முழு நிரூபணம் என்பதே கிடையாது, இதுவரை உடையவில்லை என்றுதான் சொல்ல முடியும். இரண்டும் வேறு வேறு நேர்மைகள். இரண்டையும் பிடித்த பிள்ளை பாக்கியசாலி.

கணினி அறிவியல் பெயரிலேயே அறிவியல் இருக்கிறதே?

பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. அதில் பாதி கணிதம். எந்த நிரலாலும் தீர்க்க முடியாத கணக்குகள் உண்டு என்று கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936-ல் காட்டினார், அப்போது இன்றைய கணினியே கிடையாது. மீதியில் பெரும்பகுதி பொறியியல். ஒரு நிரலை ஓட்டி, அளந்து, ஏன் மெதுவாகப் போகிறது என்று தேடுகிற இடத்தில் அது சோதனை அறிவியல். வேலை கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இந்தக் குரூப்பை எடுக்கிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: பிழை திருத்துவது பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வேலையின் பெரும்பகுதி அதுதான்.

ஜோதிடம் அறிவியலா? பஞ்சாங்கம் கிரகணத்தைச் சரியாகச் சொல்கிறதே!

பஞ்சாங்கத்தில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

1825-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், கையில் எழுதிய வாய்பாடு எதுவும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்ததைக் கொண்டு, தரையில் சோழிகளை அடுக்கியே வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிசகு. அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு உடல் சிலிர்க்கும். அது வானியல். ஏன் என்றால் 4 என்றும் 52 என்றும் நம்மால் சொல்ல முடிகிறது. கணிப்புக்கு நேரம் குறித்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், எவ்வளவு பிசகு என்று அளந்தார்கள்.

ஜாதக பலன் வேறு. அதையும் சோதித்திருக்கிறார்கள். வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவரோடு சேர்ந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் 200 பேரின் பிறப்பு விவரங்களைத் திரட்டினார்கள். 100 பேர் படிப்பில் சிறந்தவர்கள், 100 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்த வகை என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாக வந்தது 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 வரும். முடிவு 2009-ல் வெளியானது.

வீட்டில் ஜாதகம் பார்ப்பவர்களைக் கேலி செய்யும்படி நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அறிவியலா என்று கேட்டால், சோதனையில் தேறவில்லை என்று நேராகச் சொல்வேன்.

சித்த மருத்துவம்?

முழுக்க ஆம், முழுக்க இல்லை என்று சொல்கிற இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சீனாவில் தூ யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடி பழைய நூல்களைப் புரட்டினார். சுமார் 1,600 ஆண்டுக்கு முந்திய நூல் ஒன்றில், ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971-ல் அது விலங்குகளில் வேலை செய்தது. அடுத்து, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே குடித்துப் பார்த்தார். ஆர்ட்டிமிசினின் அப்படிக் கிடைத்தது, 2015-ல் நோபல் பரிசும் வந்தது. அதே காலத்தில் பழைய நூல்களிலிருந்து எடுத்த எத்தனையோ மூலிகைகள் சோதனையில் தோற்றன, அவற்றைக் கைவிட்டார்கள். அந்தக் கைவிடுதலும் சேர்ந்ததுதான் அறிவியல். நம் சர்ப்பகந்திச் செடியிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து, இரத்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தியதும் இந்த வழியில் நடந்ததுதான்.

டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் குடித்தேன், குணமானேன் என்று பலர் சொல்வார்கள். டெங்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் குணமாகிவிடுவார்கள். அதனால் குடித்தவர், குடிக்காதவர் என இரண்டு கூட்டத்தை ஒப்பிடாமல் இந்த அனுபவத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், அதில் தாமதம் வேண்டாம்.

உளவியல், பொருளாதாரம் எல்லாம் அறிவியலா? மனிதர்களை அளக்க முடியுமா?

அளக்கலாம், கடினம். உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை எடுத்து வேறு ஆட்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் மறுபடியும் தெளிவாகத் தேறின. இதைக் காட்டி "பார்த்தாயா, உளவியல் பொய்" என்பார்கள். நான் எதிராகத்தான் பார்க்கிறேன். தங்கள் வீட்டைத் தாங்களே திறந்து குப்பையைக் காட்டியவர்கள் உளவியலாளர்கள்தான்.

தொல்லியல் வரலாறா, அறிவியலா?

கீழடியைப் பாருங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது. பொ.ஆ.மு. 580 என்று காலம் வந்தது, தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. உயிர் போனதும் உடலில் கார்பன் 14 கூடுவது நின்று, 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கு இயற்பியல். அதே குழியில் கிடைத்த பானையோட்டில் கீறியிருக்கும் எழுத்து என்ன சொல்கிறது என்பது மொழியறிவு. இரண்டும் இல்லாமல் கீழடி இல்லை. இயற்பியல் பிடித்த பிள்ளைக்கும் தமிழ் பிடித்த பிள்ளைக்கும் ஒரே குழியில் வேலை இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியாததை எப்படி அறிவியல் என்பது? நட்சத்திரம், பரிணாமம்?

சோதனை என்றால் குடுவையும் அடுப்பும் மட்டும் அல்ல. "இங்கே தேடினால் இது கிடைக்கும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தேடுவதும் சோதனைதான்.

மீனுக்கும் தரையில் நடக்கும் விலங்குக்கும் நடுவில் ஓர் உயிர் இருந்திருக்க வேண்டும் என்றால், அது சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய ஆற்றுப் படிவப் பாறையில் இருக்க வேண்டும் என்று தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழுவினர் கணித்தார்கள். அந்த வயதுப் பாறை கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் வெளியே தெரிந்தது. கோடையில் மட்டும் போக முடிகிற இடம். திரும்பத் திரும்பப் போனார்கள். 2004-ல் கிடைத்தது: செதிலும் துடுப்பும் மீன் போல, கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் தரைவிலங்கு போல. டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள்.

"பரிணாமம் வெறும் தியரிதானே" என்பவர்களுக்கும் இதுவே பதில். பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். இப்படிப் பல சோதனைகளைத் தாண்டி வந்ததைத்தான் கோட்பாடு என்கிறோம்.

அறிவியல் அடிக்கடி மாற்றிச் சொல்கிறதே, எப்படி நம்புவது?

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. அப்பால் ஒரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகை தூரத்துக்குள் நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளிலும் சின்னப் பிசகு இருந்தது, நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). அதே லெவெரியே 1859-ல் அதே உத்தியைப் பயன்படுத்தி, சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்கலாம் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல ஆண்டுகள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையை அப்படியே தந்தது.

ஒரே மனிதர், ஒரே உத்தி, ஒரு முறை வெற்றி, ஒரு முறை தோல்வி. லெவெரியேயின் புகழுக்காக வல்கனை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. நான் நம்புவது இந்தப் பழக்கத்தை.

இயற்பியல்தான் உசந்தது, மற்றதெல்லாம் அடுத்தபடி என்கிறார்களே?

நானே இயற்பியல் ஆசிரியர், இருந்தும் சொல்கிறேன், அப்படி இல்லை. அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்த ரதர்ஃபோர்டுக்கு 1908-ல் கிடைத்தது வேதியியல் நோபல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, முதலிலிருந்து உயிரியல் படிக்கப் போனார். ஆராய்ந்தது செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம். 2009-ல் வாங்கியது வேதியியல் நோபல். அவர் எந்தக் குரூப்?

பதினாறு வயதில் எடுத்த முடிவு வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடும் என்று பயப்படுகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

அறிவியலா, விஞ்ஞானமா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அறிவியல், இயற்பியல், வேதியியல். இலங்கையில் விஞ்ஞானம், பௌதிகவியல், இரசாயனவியல். இங்கேயும் எங்கள் அப்பா தலைமுறை பௌதிகம், ரசாயனம் என்றுதான் படித்தது.

மகள் விலங்கியல் படிக்க வேண்டும் என்கிறாள். நாங்கள் மருத்துவம் என்கிறோம். என்ன செய்ய?

அவளை ஒரு கேள்வி கேளுங்கள், திட்டுவதற்காக இல்லாமல் தெரிந்துகொள்வதற்காக: விலங்கியலில் எதைப் பார்த்து ஆசை வந்தது? பதில் குறிப்பாக இருந்தால், ஏதோ ஒரு பறவை, ஏதோ ஒரு குளம், கையால் வரைந்த ஒரு படம் என்று வந்தால், தயவுசெய்து வழிவிடுங்கள். "தெரியலப்பா, மருத்துவம் வேண்டாம்" என்று மட்டும் வந்தால், அவள் எதற்கோ பயப்படுகிறாள், அதை உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவம் அறிவியலைப் பயன்படுத்தி ஆளைக் காப்பாற்றுகிற தொழில். அதற்கு வேறு மனது வேண்டும். அது இல்லாத பிள்ளையை அனுப்பினால் நோயாளிக்கும் நல்லதல்ல.

இந்த விடுமுறையில் செலவில்லாமல் எதில் தொடங்கலாம்?

மொட்டை மாடியில் ஒரு குச்சி நடுங்கள். தினமும் நடுப்பகலில் அதன் மிகக் குட்டையான நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், நிழல் குச்சிக்கு அடியிலேயே விழுந்துவிடும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியே வந்துவிடும். பத்து நாள் புள்ளி வைத்ததும், உங்கள் மாடியில் நிழல் என்றைக்கு மறையும் என்று கணித்துத் தேதியை முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

என் வகுப்புப் பையன் ஒருவன் ஏப்ரல் 27 என்று எழுதி ஒட்டியிருந்தான். மற்ற பிள்ளைகள் மாடிகளில் 24-ஆம் தேதி பகல் 12 மணி 7 நிமிடத்துக்கே மறைந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஸ்கேலும் கோணமானியும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், குச்சி வடக்கே ஒரு பாகை சாய்ந்திருந்ததைக் கண்டுபிடித்தான். ஒரு பாகைக்கு மூன்று நாள். ஆகஸ்டில் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்துத் திரும்ப நட்டான்.